இவருக்குப் பதில் இவர்

தலையில் பெரிய பாகை, காதில் கடுக்கன், முழங்காலைத் தாண்டி இறங்கும் வெள்ளை அங்கி. முகம் நடிகர் சேத்தனுடையது. பின்னால் புதுச்சேரிக் கடற்கரையும் பழைய கலங்கரை விளக்கமும். கீழே தங்க எழுத்தில் ‘துபாசி’ என்று தலைப்பு. இப்படி ஒரு தொடர் எந்த சேனலிலும் வரவில்லை. வரப்போவதாக யாரும் சொல்லவும் இல்லை. திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் என் அத்தையின் பேத்தி கல்லூரி விடுமுறையில் கைபேசியிலேயே வெட்டி ஒட்டிச் செய்த போஸ்டர் அது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, “எந்த சேனல்ல போடறான்? எத்தனை மணிக்கு?” என்று கேட்டார். பேத்திக்கு அன்று முழுக்க கால் தரையில் பாவவில்லை.

எனக்குக் கலங்கரை விளக்கம் உறுத்தியது. போஸ்டரில் சேத்தன் போட்டிருப்பது, பிரெஞ்சுக்காரர் காலத்துப் புதுச்சேரியில் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளையின் வேடம். பிள்ளை இறந்தது 1761 ஜனவரியில். அந்த விளக்கை முதன்முதலாக ஏற்றியது 1836-ல். சொன்னேன். “மாமா, இது ஃபேன் காஸ்டிங். சரித்திரப் பரீட்சை இல்ல” என்று என் வாயை அடைத்துவிட்டாள்.

எடுக்காத படத்துக்கும் எழுதாத தொடருக்கும் ரசிகர்களே ஆள் போட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பெயர். நம் வீடுகளில் பெயர் இல்லாமலேயே இது நெடுநாளாக நடந்துவந்தது. ‘பொன்னியின் செல்வன்’ கல்கியில் 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் வந்தபோது மணியம் வரைந்த முகங்கள்தான் முதல் நடிகர் பட்டியல். 1958-ல் எம்.ஜி.ஆர். அதைப் படமாக்கப் போவதாக அறிவித்தார், நடக்கவில்லை. மணிரத்னத்தின் படம் திரைக்கு வந்தது 2022-ல். நடுவில் கிடந்த அறுபத்துச் சொச்சம் வருஷமும் சலூன் பெஞ்சிலும் ரயில் பயணத்திலும் கல்யாணப் பந்தலிலும் தமிழர்கள் வந்தியத்தேவனுக்கு ஆள் தேடிக்கொண்டே இருந்தார்கள். அப்பா ஒரு பட்டியல் வைத்திருப்பார், மகன் அதைக் கேட்டுச் சிரிப்பான். இருபது வருஷம் கழித்து அவன் பட்டியலைக் கேட்டு அவன் மகள் சிரிப்பாள்.

சீரியல் பார்ப்பவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு பயிற்சி உண்டு. திடீரென்று ஒருநாள் திரையில் ‘இவருக்குப் பதில் இவர்’ என்று எழுத்து ஓடும். நேற்றுவரை மருமகளாக இருந்தவர் போய்விட்டிருப்பார். புதியவர் அதே அடுப்படியில் நின்று, நேற்று பாதியில் விட்ட அழுகையை இன்று தொடர்வார். இரண்டு நாள் வீட்டில் முணுமுணுப்பு இருக்கும், மூன்றாம் நாள் அவரும் நம் வீட்டு மருமகள். ஜி. மாரிமுத்து 2023 செப்டம்பரில், ‘எதிர்நீச்சல்’ தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து இறந்தார். ஆதி குணசேகரன் வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். அத்தைக்கு இன்றும் மனசில் நிற்பது மாரிமுத்துதான். ஆனாலும் தொடரை அவர் விடவில்லை. வேடத்தை ஒரு முகத்திலிருந்து கழற்றி இன்னொரு முகத்தில் மாட்டிப் பார்ப்பதற்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேத்தி அந்தப் பழக்கத்தைக் கைபேசியில் செய்கிறாள், அவ்வளவுதான்.

சரி, ஆள் யார் என்பதற்கு முன் வேடம் என்ன என்று பார்ப்போம்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் புதுச்சேரிக்கு வந்துவிட்டது. துணி, பாக்கு என்று வியாபாரம். ஆனந்தப்புரவி என்று சொந்தமாக ஒரு கப்பல். 1736 செப்டம்பரில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, சாகும்வரை, இடையிடையே விட்டுப்போனாலும், ஏறக்குறைய இருபத்தைந்து வருஷம் எழுதினார். 1742-ல் துய்ப்ளெக்ஸ் புதுச்சேரிக்குப் பிரெஞ்சு கவர்னராக வந்தார். தலைமைத் துபாசி கனகராய முதலியார் 1746 பிப்ரவரியில் இறந்த பிறகு அந்த இடம் பிள்ளைக்கு வந்தது. வந்து சேருவதற்குள் அவர் பட்ட பாட்டுக்கே ஐம்பது எபிசோடு போடலாம். பிரெஞ்சுக்காரர் ஆதரவில் ஹைதராபாத் நிஜாம் ஆன முசாபர் ஜங் அவரை மூவாயிரம் குதிரைக்கு மன்சப்தார் என்று அந்தஸ்து கொடுத்து உயர்த்திய காலமும் உண்டு. 1754-ல் துய்ப்ளெக்ஸைப் பிரான்சுக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். பிள்ளையின் செல்வாக்கும் அதோடு சரிந்தது, 1756-ல் பதவியும் போனது. ஆங்கிலேயர் சூழ்ந்து நின்று ஊரைப் பட்டினி போட்ட நாட்களில், புதுச்சேரி விழுவதற்குச் சில நாட்கள் முன்னால், ஐம்பத்திரண்டாவது வயதை ஒட்டி இறந்தார்.

நாட்குறிப்பு வீட்டோடு கிடந்து 1846-ல்தான் வெளியார் கண்ணில் பட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பு 1904-க்கும் 1928-க்கும் இடையே 12 தொகுதிகளாக வந்தது. ஆனால் தமிழ் வாசகர்கள் பலருக்குப் பிள்ளையை அறிமுகம் செய்தவர் பிரபஞ்சன். நாட்குறிப்பை அடியாக வைத்து அவர் எழுதிய நாவல்களில் ‘வானம் வசப்படும்’ 1995-ல் சாகித்திய அகாதமி விருது வாங்கியது.

இப்படிப்பட்ட ஒருவருக்கு ஆள் போடும்போது ரசிகர்கள் முதலில் பார்ப்பது உயரம், மீசை, மிடுக்கு. பாகை வைத்தால் எடுப்பாக இருக்குமா, குதிரையில் ஏறினால் நன்றாக இருக்குமா. பேத்தியின் தோழிகள் சொன்ன பெயர்கள் எல்லாம் ஜிம்முக்குப் போகிற இளம் நாயகர்கள். பாக்குக் கிடங்கில் உட்கார்ந்து கணக்குப் பார்த்த மனிதருக்கு ஆறு கட்டு வயிறு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இந்த வேடம் உடம்பில் இல்லை. காதில் இருக்கிறது.

துபாசி என்றால் இரண்டு பாஷைக்காரர். ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். துரை ஏதோ கடுமையாகச் சொல்கிறார். எதிரே நவாப்பின் ஆள் பதிலுக்காகக் காத்திருக்கிறார். துரையின் வார்த்தை முடிந்து, துபாசியின் வார்த்தை தொடங்கும் முன் இரண்டு மூன்று நொடி இருக்கிறதே, அந்த நேரம் முழுக்க அவர் தனி ஆள். சொன்னது இன்னதென்று அறையில் அவருக்கும் சொன்னவருக்கும்தான் தெரியும். அதை அப்படியே சொன்னால் ஒரு சண்டை, தணித்துச் சொன்னால் பின்னால் ஒரு பழி. எந்தச் சொல்லைப் போடலாம் என்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்போது முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது. எதிரே நிற்பவருக்குத் தெரியக் கூடாது, துரைக்கும் தெரியக் கூடாது, வீட்டில் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டும்.

இதற்குச் சினிமா நட்சத்திரம் வேண்டாம், சீரியல் நடிகர்தான் வேண்டும் என்பது என் கட்சி. சொன்னால் சிரிக்கிறார்கள். சீரியல் நடிப்பு என்றாலே ஒருவர் முகத்தை மூன்று தடவை கிட்டே இழுத்துக் காட்டி, இடி இடிக்கவைத்து, விளம்பரத்துக்குப் போவதுதான் எல்லோருக்கும் ஞாபகம் வருகிறது. அந்தக் கேலியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ரியாக்‌ஷன் ஷாட்டை வருஷக்கணக்கில் தினமும் கொடுத்தவருக்கு, வாய் திறக்காமல் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேமராவின் முன் இருப்பது எப்படி என்பது கைப்பழக்கமாகியிருக்கும். சினிமாவில் பெரும்பாலும் பேசுகிறவன்தான் நாயகன். சீரியலில் காட்சியைத் தூக்கி நிறுத்துவது கேட்டுக்கொண்டு நிற்கிறவர்.

வேலை நடக்கும் விதமும் இதற்குத் தோதாக இருக்கிறது. நாள் ஒன்றுக்கு ஒரு எபிசோடு காற்றில் கரைகிறது. அதற்கு ஈடுகொடுத்துக் காலையிலிருந்து இரவுவரை எடுத்துத் தள்ளுகிறார்கள். வசனத்தாள் சில சமயம் அன்று காலையில்தான் கைக்கு வரும். மனப்பாடம் செய்ய நேரம் ஏது? உதவி இயக்குநர் கேமராவின் பக்கத்தில் நின்று வரியைப் படித்துக்கொடுப்பார். பிராம்ப்டிங் என்பார்கள். நடிகர் அதை ஒரு காதில் வாங்கி, வாங்கியதே தெரியாமல், எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் கேட்டதை மறுபக்கம் தன் சொல்லாக மாற்றிக் கொடுப்பது. துபாசி பார்த்த உத்தியோகம் வேறு என்ன?

சேத்தனை நான் முதலில் பார்த்தது தொண்ணூறுகளின் கடைசியில், ‘மர்மதேச’த்தின் ‘விடாது கருப்பு’ தொடரில். பிறகு 2002-லிருந்து 2005 வரை ‘மெட்டி ஒலி’. சரோவின் கணவன் மாணிக்கமாக அவர் வந்தபோது எங்கள் தெருவில் பெண்கள் அவரைத் திட்டாத நாள் கிடையாது. அந்தத் திட்டு இங்கே முக்கியம். ‘விடுதலை’யில் (2023) போலீஸ் அதிகாரியாகவும் அவரைப் பார்த்துப் பலருக்கும் ரத்தம் கொதித்தது. நல்லவர் என்று பெயர் வாங்க வேண்டும் என்ற பதற்றம் அவர் நடிப்பில் தெரிவதில்லை. பிள்ளை வேடத்துக்கு அதுதான் முதல் தகுதி என்பேன்.

ஏனென்றால் பிள்ளை நாம் நினைக்கிற மாதிரி நாயகன் இல்லை. நாட்குறிப்பில் சாதிப் பெருமை உண்டு. ஜோசியமும் உண்டு, தனக்குக் கிடைத்த மரியாதைகளை எண்ணி எண்ணி எழுதுவதும் உண்டு. ஊர்ப்புறத்து மக்களை ஏமாற்றிப் பிடித்து அடிமைகளாக விற்ற விவகாரம் 1743-ல் வருகிறது. இன்றைய வாசகருக்கு வருகிற கோபம் அந்தப் பக்கங்களை எழுதியவருக்கு வந்திருக்கிறதா என்று தேட வேண்டும். ஃபேன் காஸ்டிங்கில் பிடித்த நடிகரைப் போட்டதும் வேடத்தின் அழுக்கெல்லாம் தானாகத் துடைக்கப்பட்டுவிடும். ரசிகர் தேடுவது தன் ஆளுக்கு ஒரு மகுடம். போஸ்டரில் தங்க எழுத்து வந்ததும் அதனால்தான்.

மகுடத்துக்கு நேர்மாறான காட்சி 1748 செப்டம்பரில் இருக்கிறது. ஆங்கிலேயர் முற்றுகை நடக்கும் நேரம். இன்று சம்பா கோயில் என்று நாம் சொல்லும் மாதா கோயிலின் பக்கத்தில் அப்போது வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. கவர்னர் உத்தரவில் அதை இடித்தார்கள். கவர்னரின் காதுக்கு மிகக் கிட்டத்தில் இருந்த தமிழர் பிள்ளை. கவர்னரின் மனைவியும் பாதிரிமார்களும் எதிர்ப்பக்கம். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. எழுதினார். அவ்வளவு செல்வாக்குள்ள மனிதர் ஒன்றும் செய்ய முடியாமல் உட்கார்ந்து எழுதுவதை எப்படிப் படமாக்குவது? வசனம் கிடையாது, சண்டை கிடையாது. எண்ணெய் விளக்கும் ஒரு முகமும்தான். நட்சத்திரத்தைப் போட்டால் அவருக்கு அங்கே ஒரு உரை எழுதிக் கொடுக்கச் சொல்லி யாராவது வந்துவிடுவார்கள்.

சரித்திரத் தொடர் என்றால் கோடிக்கணக்கில் செலவாகும் என்று நினைப்பதால்தான் தமிழ் தொலைக்காட்சி புராணத்தையும் இந்தியிலிருந்து டப்பிங் செய்த ராஜா ராணிக் கதைகளையும் விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. புராணத்துக்கு ஒருமுறை கிரீடமும் நகையும் செய்துவிட்டால் அடுத்த தொடருக்கும் ஆகும். பதினெட்டாம் நூற்றாண்டுக்குப் பொய்முடி, பொத்தான் வைத்த கோட்டு, துப்பாக்கி, கப்பல் என்று எல்லாம் புதிது. ஆனால் பிள்ளையின் நாட்குறிப்பைத் திறந்து அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று மட்டும் பாருங்கள். பாக்குக் கிடங்கு, கவர்னர் மாளிகைத் தாழ்வாரம், சொந்த வீடு. திரும்பத் திரும்ப இந்த மூன்று இடம்தான். சண்டை எங்கேயோ நடக்கும். செய்தி இங்கே வரும். குண்டு விழும் சத்தம் வந்தால் போதும், குண்டு விழ வேண்டியதில்லை. ஒரு வீட்டுக் கூடத்தை வைத்துக்கொண்டே ஆயிரம் எபிசோடு ஓட்டும் நம் மெகா சீரியல்காரர்களுக்கு இதைவிட வசதியான சரித்திரம் கிடைக்குமா? அவர் தினமும் எழுதினார், இவர்கள் தினமும் எடுக்கிறார்கள். இருபத்தேழு வயதில் தொடங்கிய ஆளுக்கு நடுவில் முகம் மாற வேண்டியிருந்தாலும் கவலையில்லை, ‘இவருக்குப் பதில் இவர்’ என்று அட்டை போட்டுவிடலாம்.

வெளிப்புறக் காட்சிதான் சிக்கல். பேத்தி மட்டுமல்ல, புதுச்சேரியை வைத்து எதை நினைத்தாலும் எல்லோரும் மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் தொங்கும் வெள்ளையர் பகுதித் தெருவைத்தான் பின்னால் வைக்கிறார்கள். பிள்ளை அந்தத் தெருவில் நடந்ததில்லை. 1761-ல் ஊரைப் பிடித்த ஆங்கிலேயர் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரர் கைக்குத் திரும்பிய பிறகு கட்டியவைதான் இப்போது நாம் செல்ஃபி எடுக்கும் சுவர்கள். துய்ப்ளெக்ஸ் காலத்துக் கோட்டை நின்றது பாரதி பூங்கா இருக்கும் பக்கம். பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபமோ பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். கால்வாய்க்கு இந்தப்புறம், பெரிய மார்க்கெட்டின் இரைச்சலுக்குப் பக்கத்தில், ரங்கப்பிள்ளை தெருவில் அவர் வீடு மட்டும் தப்பி நிற்கிறது. கீழே நம்மூர் முற்றமும் மரத்தூணும், மேலே பிரெஞ்சுப் பாணியில் பருத்த தூண்கள். மொழிபெயர்ப்பாளர் வீடு என்று வெளியிலிருந்தே சொல்லிவிடலாம்.

நான் கடலூர்க்காரன். அதனால் போஸ்டரில் இன்னொரு மனக்குறையும் எனக்கு உண்டு: இந்தக் கதையில் பாதி எங்கள் ஊரில் நடக்கிறது, எங்கள் ஊரைக் காணோம். தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலேயர் 1690-ல் மராத்தியரிடம் விலைக்கு வாங்கினார்கள். கோட்டையிலிருந்து நாலு பக்கமும் பீரங்கி சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம்வரை உள்ள ஊர்கள் எல்லாம் எங்களுக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். குண்டு கிராமங்கள் என்று பெயர். செயின்ட் டேவிட் கோட்டை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1746-ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது அங்கிருந்து தப்பி வந்தவர்களில் ராபர்ட் கிளைவும் ஒருவர். வந்து சேர்ந்த இடம் இந்தக் கோட்டைதான். 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி அதைப் பிடித்து இடித்துப்போட்டார். இன்று வெள்ளி கடற்கரைக்குப் போகிறவர்கள் கெடிலம் ஆற்றைத் தாண்டும்போது அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எதிரி இருபத்திச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறான். இங்கே ஒரு வதந்தி கிளம்பினால் மாலைக்குள் பாக்குக் கிடங்குக்குப் போய்ச் சேரும். அது உண்மையா பொய்யா என்று எடைபோடுவதே துபாசியின் பாதி வேலை.

அடுத்தது பேச்சு. நம் சரித்திரக் கதைகளில் எல்லோரும் மேடைச் செந்தமிழ் பேசுவார்கள். வெள்ளைக்காரர் வந்தால் “டமில்” பேசுவார். இரண்டும் இங்கே செல்லாது. பிள்ளை எழுதியது அன்றாடப் பேச்சுக்குக் கிட்டத்துத் தமிழ். கும்பெனி, முசே, சொல்தாது என்று வந்தவர் போனவர் சொல்லெல்லாம் அதில் கலந்து கிடக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்குகிறவரைப் புதுச்சேரியில் இன்றும் ‘சொல்தா’ என்பார்கள். அந்தத் தமிழைச் சொந்தக் குரலில் பேசுகிறவர் வேண்டும். சீரியலில் நாம் கொண்டாடும் முகங்கள் பலவற்றுக்குக் குரல் வேறொருவருடையது. பெயர் தெரியாத அந்த டப்பிங் கலைஞருக்கும் சேர்த்துத்தான் நாம் கைதட்டுகிறோம். மொழியே பிழைப்பாக இருந்த மனிதருக்கு இரவல் குரல் போட்டால் வேடமே பொய்த்துவிடும்.

இதைவிடக் கஷ்டம் கவர்னரின் மனைவி வேடம். ழான் துய்ப்ளெக்ஸ் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் தெரிந்தவர். சுதேச அரசர்களோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் அவர் கை இருந்தது. பிள்ளைக்கும் அவருக்கும் ஆகாது என்பதை நாட்குறிப்பில் பக்கத்துக்குப் பக்கம் பார்க்கலாம். பிள்ளைக்குப் பயம் வருவதற்குக் காரணமும் இருந்தது: துரையிடம் தமிழில் வந்ததை எடுத்துச் சொல்ல இன்னொரு ஆள் அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். ஆக, அந்த வேடத்துக்கு டமில் பேசும் பொம்மை கூடாது. நம்மூர்த் தமிழை நாக்கில் புரட்டிக்கொண்டே பிரெஞ்சு கவுன் போட்டவர் வேண்டும்.

“அந்தம்மாவுக்கு ராதிகாவை விட்டா யாருடா இருக்கா?” என்றார் அத்தை.

ராதிகா வந்தால் தொடர் அவருடையதாகிவிடும், பிள்ளை தாழ்வாரத்திலேயே நிற்க வேண்டியதுதான் என்றேன். “நிக்கட்டுமே. நிக்கறதுதானே அவர் வேலைன்னு இவ்ளோ நேரம் சொன்ன” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

பேத்தி இரண்டு நாள் கழித்துப் போஸ்டரைத் திருத்திக் கொண்டுவந்தாள். கலங்கரை விளக்கமும் தங்க எழுத்தும் போய்விட்டிருந்தன. அரையிருட்டில் பாக்கு மூட்டைகள், ஒரு எழுதுபலகை, காதைக் கொஞ்சம் சாய்த்தபடி சேத்தன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“ஏன்டா, இது மளிகைக் கடைக்காரர் கதையா?”

“ஏறக்குறைய அப்படித்தான் அத்தை” என்றேன்.